நாள் முழுக்க நின்று விற்பவர்களுக்கு: திருவிழாக் கடை, கண்காட்சிக் கடை போடும் புதியவர்களுக்கான வழிகாட்டி

முதல் தரம் கடை போடுபவர் சாமானைப் பற்றித்தான் யோசிப்பார். எவ்வளவு கொண்டுபோவது, என்ன விலை போடுவது, மிஞ்சியதை எதில் ஏற்றி வருவது. தன் கால்களைப் பற்றிய யோசனை வருவது பின்னேரம் மூன்று மணிக்கு. அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

திருகோணமலையில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்கே சனம் வருவது வெயில் சாய்ந்த பிறகு. கோணேசர் கோயிலடி, பத்திரகாளி அம்மன் கோயில் வீதி, மக்கெய்சர் மைதானம், டச்சு பே கடற்கரை, எங்கே கடை போட்டாலும் ஐந்து மணிக்கு மேல்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். காலை எட்டு மணிக்கே வந்து மேசை போட்டு நின்றவருக்கு, சரியாக அந்த நேரத்தில் கால் விட்டுப்போகும். கால் நோகிறவரின் முகத்தில் அது தெரியும், வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: பின்னேரத்துக்குக் கால்களை மிச்சம் பிடிப்பது.

நடக்கும்போது நோகாத கால் நிற்கும்போது ஏன் நோகிறது

காலுக்கு இறங்கிய இரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை இறுகித் தளர்ந்து, நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் தசை இறுகியபடியே இருக்கும், பிழிவது நடக்காது. இரத்தம் கீழே தேங்கும், அதிலிருந்து நீர் கசிந்து கணுக்கால் வீங்கும், காலையில் அளவாக இருந்த சப்பாத்து மாலையில் இறுக்கும். முழங்காலை விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொண்டு வெயிலில் நிற்பவர் தலைசுற்றி விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்: மூளைக்குப் போக வேண்டிய இரத்தம் காலில் கிடக்கிறது.

ஆக, உங்கள் எதிரி நிற்பது அல்ல, அசையாமல் நிற்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

புதியவர்கள் எல்லாரும் சப்பாத்தில் தொடங்குவார்கள். நிலத்தில் தொடங்குங்கள். மோசமான நிலத்தில் நல்ல சப்பாத்தும் தோற்றுவிடும். முடிந்தால் முதல் நாளே போய் உங்களுக்குத் தந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

கடற்கரை மணலும் வெருகல் திருவிழாவில் கிடைக்கும் ஆற்றங்கரை மணலும் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று நினைப்பார்கள். நிற்பதற்கு மணலை விடக் கெட்ட தரை குறைவு. குதிக்கால் புதையும், பாதம் பின்பக்கம் சரியும், கெண்டைக்கால் தசை ஓயாமல் அதைச் சமன் செய்துகொண்டே இருக்கும். இரண்டு மணித்தியாலத்தில் கெண்டை கல்லாகிவிடும். இதற்கு மருந்து ஒரு பலகை. 4 அடிக்கு 3 அடி, முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு பிளைவூட் துண்டு போதும். போடும் விதம் முக்கியம்:

1. பலகை வரும் இடத்தில் மேலே உள்ள உலர்ந்த மணலை இரண்டு மூன்று அங்குலம் வழித்து எடுங்கள்.
2. கீழே உள்ள மணலில் ஒரு வாளி தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்குங்கள்.
3. பலகையை வைத்து நாலு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஒரு மூலை ஆடினாலும் எடுத்துச் சரிசெய்து திரும்ப வையுங்கள். ஆடும் பலகை மணலை விட மோசம்.
4. விளிம்பு நிலத்தோடு மட்டமாக இருக்கும்படி மணலை அணையுங்கள். இருட்டில் உங்கள் கால் தடக்கும் முதல் இடம் அந்த விளிம்புதான்.

தார் வீதியும் சீமெந்துத் தரையும் வேறு வகை. அவை சரியாது, ஆனால் கொஞ்சமும் இளகாது. நண்பகலில் தார் சுடும் சூடு மெல்லிய பாட்டாச் செருப்பின் அடியைத் தாண்டி ஏறும். இங்கே தேவை மேலே ஒரு விரிப்பு. பிள்ளைகள் விளையாடப் பொருத்திப் போடும் சதுர ஃபோம் விரிப்பு கடைகளில் கிடைக்கும். அரை அங்குலத் தடிப்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நாலு துண்டு போதும். விரலால் அழுத்தினால் பாதி இறங்கித் திரும்ப எழும்ப வேண்டும். அடி வரை அமுங்கிவிடுவது பயன்படாது. பழைய மெத்தைத் துண்டைக் கொண்டுவந்து போடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் அரை மணித்தியாலம் சுகமாக இருக்கும், பிறகு கணுக்கால் ஆடி ஆடிக் களைத்துவிடும்.

விரிப்பு வாங்க வசதியில்லாவிட்டால் சாமான் வந்த காட்போட் பெட்டிகளைப் பிரித்து, தடித்த மட்டையாக மூன்று நாலு அடுக்குப் போடுங்கள். ஓரங்களைத் தடித்த ரேப்பால் ஒட்டாவிட்டால் அடுக்குகள் வழுக்கும். ஈரம் பட்டால் மட்டை செத்துவிடும், ஆகையால் மாற்றுவதற்கு இன்னொரு தொகுதி கையில் இருக்கட்டும்.

மைதானப் புல் தரை இவற்றில் நல்லது. குழி மட்டும் பாருங்கள். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் நின்றால் வலி காலில் வராது, ஒரு பக்க இடுப்பில் வரும், காரணமும் பிடிபடாது.

மேசை உயரம்

முதுகு நோவுக்கு ஆட்கள் வயதைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மேசையில். வாடகைக்குத் தரும் மடக்கு மேசை ஏறக்குறைய 30 அங்குல உயரம். அது கதிரையில் இருந்து சாப்பிடுவதற்குச் செய்த உயரம். நின்றுகொண்டு அதில் காசு எண்ணி, பை கட்டி, பில் எழுதினால் நாள் முழுக்கக் குனிந்தபடிதான்.

உங்கள் அளவை இப்படி எடுங்கள். அன்று போடப்போகும் சப்பாத்தைப் போட்டு, விரிப்பின் மேலேயே நின்று, முழங்கையை மூலைமட்டமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதில் 2 முதல் 4 அங்குலம் கழித்தால் வருவதே மேசை உயரம். ஐந்தேகால் அடி உயரமானவருக்கு முழங்கை சுமார் 40 அங்குலத்தில் வரும், அப்படியானால் மேசை 36 முதல் 38 அங்குலம்.

6 அங்குலச் சீமெந்துக் கல்லைப் படுக்கையாக வைத்து மேசைக் காலை ஏற்றினால் 30 அங்குலம் 36 ஆகும். கல்லின் ஓட்டைக்கு மேல் மேசைக் கால் வராமல் பாருங்கள். மணலில் என்றால் கல்லுக்குக் கீழேயும் ஒரு பலகைத் துண்டு வேண்டும். ஏற்றிய மேசையை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கால்களைக் கூடாரக் கம்பத்தோடு கயிற்றால் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் மேசையில் தொங்குவார்கள், அதையும் நினைத்துக் கட்டுங்கள்.

இரண்டு பேர் நிற்கும் கடையில் ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை என்றால் மேசையை நெட்டையானவரின் அளவுக்கு வைத்து, மற்றவருக்கு ஒரு பலகை மேடை கொடுங்கள். மறுபக்கம் செய்தால் நெட்டையானவருக்கு வழியே இல்லை.

அதிகம் விற்கும் சாமான் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேலதிகப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் வெறும் சோடாக் கேஸ் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். ஒரு நாளில் எத்தனை தரம் குனிகிறோம் என்பது முதுகு கணக்கு வைத்திருக்கும் விஷயம். எடுத்துத் திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலோடு சேர்ந்து திரும்புங்கள். ஒரு அடி வைக்கவும் அது சாட்டு.

விலையைப் பெரிய எழுத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைப்பதும் உடம்புக்கான வேலைதான். இந்த ஊரில் மூன்று மொழிக்காரரும் வாங்க வருவார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மேல் ஒவ்வொருவருக்கும் விலை கத்திச் சொன்னால் இரண்டாம் நாள் தொண்டை கட்டிவிடும்.

காலில் போடுவது

பாட்டாவோடு நிற்க வேண்டாம். அதைக் காலில் பிடித்து வைத்திருக்க விரல்கள் ஓயாமல் மடங்கிக்கொண்டிருக்கும். அந்த இழுவை உள்ளங்காலிலும் குதிக்காலிலும் போய் நிற்கும். முற்றிலும் தட்டையான அடியும், உயர்ந்த குதியும் ஒதுக்க வேண்டியவை. வேண்டியது, பின்பக்கம் குதிக்காலைப் பிடிக்கும், நடுவில் வளைவுக்குத் தாங்கல் தரும், முன்பக்கம் விரல்கள் விரிய இடம் விடும் ஒரு சப்பாத்து. கயிறு கட்டுவது நல்லது, ஏனென்றால் வீங்கும்போது தளர்த்தலாம். சேலைக்குப் பொருந்தாது என்று தயங்குபவர்கள் பின்வார் உள்ள, அடி தடித்த செருப்பை எடுக்கலாம்.

வாங்குவதற்குப் பின்னேரம் போங்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் உண்மையான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் நகத்தின் அகலம் இடம் இருக்க வேண்டும். புதுச் சப்பாத்தைத் திருவிழா அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். அதற்கு முந்திய கிழமை, நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலமாக வீட்டில் போட்டுப் பழக்குங்கள்.

இரண்டு சோடி கொண்டுபோய் மத்தியானம் மாற்றுங்கள். பல நாள் நின்றவர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள், புதியவர்கள் எவரும் செய்வதில்லை. விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு வடிவமாக இருந்தால், காலையில் அழுத்திய இடத்துக்கு மாலையில் ஓய்வு கிடைக்கும். கூடவே காலுறையையும் மாற்றுங்கள். நீர்க்கொப்புளம் வருவது உராய்வால் மட்டும் இல்லை, வியர்வையில் ஊறிய தோல் உராய்வதால். எங்காவது சூடாக எரிவதுபோல் உணர்ந்தால் உடனே கழற்றித் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் குத்தி உடைக்காமல் மூடி விடுங்கள். தானாக உடைந்தால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் அங்கே இருக்கும் சிறந்த மருந்துக்கட்டு.

கெண்டையை இறுக்கிப் பிடிக்கும் காலுறை பார்மசிகளில் கிடைக்கும். அழுத்தம் 15 முதல் 20 மி.மீ. பாதரசம் (mmHg) என்று போட்டிருப்பது நிற்பவர்களுக்குப் போதும். காலையில் கட்டிலை விட்டு இறங்க முன், வீங்காத காலில் போட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், கால் இரத்தோட்டம் குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது.

நிற்கும் விதம், இருக்கும் விதம்

மேசைக்கு உள்பக்கம் 4 முதல் 6 அங்குல உயரத்தில் ஒரு கட்டை அல்லது கல் வையுங்கள். ஒரு காலை அதில் தூக்கி வைத்து, சில நிமிடத்தில் மறுகாலை மாற்றுங்கள். இடுப்பின் வளைவு தளரும்; முதுகு நோவுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள், பதினைந்து தரம். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். வாங்குபவர் முன்னால் நின்றாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. முழங்காலை ஒருபோதும் பூட்டாதீர்கள். ஆள் வராத நேரத்தில் மேசைக்கு முன்னால் போய்ச் சாமானை அடுக்குங்கள். நாலு அடி நடந்ததாகவும் இருக்கும், அடுக்கும் கடைக்கு ஆள் வருவதும் வழக்கம்.

இருப்பதற்கு எல்லாரும் கொண்டுவருவது பிளாஸ்டிக் கதிரை. அதில் இருந்தால் மேசைக்கு மேல் தலை மட்டும் தெரியும், வருபவர் கடையில் ஆள் இல்லை என்று போய்விடுவார், அந்தப் பயத்தில் நீங்களும் இருக்க மாட்டீர்கள். 36 அங்குல மேசைக்கு 24 முதல் 26 அங்குல உயர ஸ்டூல் எடுங்கள். கண் வாங்குபவரின் கண்ணுக்கு அருகில் இருக்கும். கால் தொங்காமல் அதன் குறுக்குச் சட்டத்தில் ஊன்றட்டும். இருந்தபடி விற்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டமே திருத்தினார்கள். உங்கள் கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருவர் இருபது நிமிடம் கடையை விட்டு வெளியே போக வேண்டும். கடைக்குள் இருந்து எடுக்கும் ஓய்வு ஓய்வாகாது. பின்னேரம் மூன்றரை அளவில் ஒரு நீண்ட ஓய்வு எடுங்கள்: கூடாரத்துக்குப் பின்னால் பாயில் படுத்து, கால்களை ஒரு பெட்டியின் மேல் நெஞ்சுக்கு உயரமாகத் தூக்கிப் போட்டு, கால் மணித்தியாலம். மாலை வியாபாரத்தின் பாதி இதில் இருக்கிறது. தனியாக வந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரரோடு காலையிலேயே பேசி, முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வெயில், கச்சான் காற்று, தண்ணீர்

இங்கே நிழல் நகரும். கிழக்குக் கரை என்பதால் கடலைப் பார்த்த கடைக்கு காலை வெயில் முகத்தில் அடிக்கும், பின்னேரம் முதுகில். கூடாரத்தின் தறப்பாளை நாலு பக்கமும் இறக்கிக் கட்டினால் உள்ளே வேகும். பின்பக்கம் மேலே ஓரடி இடைவெளி விடுங்கள், சூடு அதால் வெளியேறும். தறப்பாளுக்குக் கீழே கிடுகு ஒரு வரிசை போட முடிந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வைகாசி முதல் ஆவணி வரை தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாட்கள் ஏமாற்றும் நாட்கள். வறண்ட சூட்டுக் காற்று வியர்வையை வந்த வேகத்திலேயே காயவைக்கும். உடம்பு நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். நாலு மணிக்குத் தலையிடி வரும்போதுதான் தெரியும். தாகத்தை நம்பாமல் மணிக்கூட்டை நம்புங்கள். நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர், நிழலில் நின்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. ஒரே மூச்சில் ஒன்றரை லீற்றர் குடிப்பதும் கூடாது. மணித்தியாலத்துக்கு அதுவே உச்சம்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட மோர், உப்பும் கொஞ்சம் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், இளநீர் இடையிடையே சேரட்டும். களைப்புக் கூடினால் ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பக்கெற் ஒன்றை அதில் சொல்லியிருக்கும் அளவு நீரில் கரைத்துக் குடியுங்கள். அது கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடினால் கெடுதல், கண்ணளவில் போடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் இந்த உப்பு நீர்களை வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடை போடும் பெண்களில் பலர் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மறதியால் அல்ல, போக இடம் இல்லாததால். காலை முதல் இரவு வரை அடக்கி வைத்தால் தலைச்சுற்று, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே இடம் பதியும்போதே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: கழிப்பறை எங்கே, தண்ணீர் வருமா, இரவில் வெளிச்சம் உண்டா, பூட்டு உண்டா? பதில் தெளிவில்லை என்றால் பக்கத்து வீடு, தெரிந்த கடை, மடம் ஏதாவது ஒன்றில் முதல் நாளே பேசி வையுங்கள். கும்பல் வருவதற்கு முன், நாலரை மணிக்கு, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

ஒருவருக்கு வியர்வை கொட்டி, தோல் குளிர்ந்து, குமட்டலும் தலைச்சுற்றும் வந்தால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, உடையைத் தளர்த்தி, மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வேறு. வாயில் எதுவும் ஊற்றாமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை.

சாப்பாடு

முழுச் சோற்றுப் பார்சலை ஒரு மணிக்கு ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரண்டு மணிக்கு நித்திரை தூங்கும். பாதியைப் பதினொன்றரைக்கும் மீதியை மூன்று மணிக்கும் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் கூடாரச் சூட்டில் மூன்று மணி வரை தாங்காது, புளித்துவிடும். பிரட்டல், பொரியல், புளி விட்ட கறி தாங்கும். இடையில் வாழைப்பழமும் கச்சான் கடலையும் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடையைக் கட்டிய உடனே வாகனத்தில் ஏறி இருந்துவிடாமல் ஐந்து நிமிடம் நடங்கள். வீட்டில் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிக்காலை நிலத்தில் அழுத்தி 30 விநாடி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று தரம். இது கெண்டைப் பிடிப்பில் நடுச்சாமத்தில் எழும்புவதைக் குறைக்கும். உள்ளங்கால் எரிந்தால் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, பாதத்துக்கு அடியில் ஐந்து நிமிடம் உருட்டுங்கள். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யக்கூடாது. அவர்கள் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், காயம் இருந்தும் நோகாமல் இருக்கும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிக்கால் குத்தினால் பாதத்தின் அடிச்சவ்வு அழற்சி தொடங்கியிருக்கலாம். அன்று சப்பாத்தையும் விரிப்பையும் மாற்றுங்கள், கூடிய நேரம் ஸ்டூலில் இருங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக வீங்கி, இரவு படுத்து எழும்பினால் வற்றுவது வழக்கமான வீக்கம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி, தொட்டால் நொந்தால் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலை உருவிவிடாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும் வரை பார்க்காமல் 1990க்கு அழையுங்கள்.

அடுத்த நாளும் கடை இருந்தால் படுக்க முன் சப்பாத்துக்குள் பத்திரிகைத்தாளைக் கசக்கித் திணித்து, விசிறிக்கு முன்னால் வையுங்கள். ஈரச் சப்பாத்தோடு தொடங்கும் இரண்டாம் நாளில் கொப்புளம் பத்து மணிக்கே வந்துவிடும்.